சங்கில் ஒரு பக்கம் காலி

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்கண்ணே. இல்ல இல்ல, இருங்க, நான் உக்காந்துக்கிடுறேன். வெயிலு அந்தப் பக்கமாத்தான வரும்? அப்பன்னா நீங்க… சரி, உக்காந்துட்டீங்க, விடுங்க. எனக்கு ஜன்னல் முக்கியமில்ல. மடியில இருக்கே இந்தப் பொட்டலம், பஸ்ஸு குலுங்குற குலுக்கல்ல இது உடையாம மதுரை போயிச் சேந்தாப் போதும்.

நீங்களும் மதுரையா? நல்லதாப் போச்சு. நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்சன்ல நிக்கிறேன். பேரு சௌந்தரபாண்டி. எங்க கடைக்கு நீங்க வந்திருந்தீங்கன்னா என்னைப் பாக்காம இருந்திருக்க முடியாது. சில பொம்பளையாளுக வருவாங்க பாருங்க, கடை திறக்கையில வந்து உக்காந்து, கடையையே பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, மத்தியானம் "வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வாரேன் தம்பி"ன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. முடிவெடுக்கத் தெரியாத சனம்ணே. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நானெல்லாம் ஒரு ஆளு படியேறி வரும்போதே சொல்லிருவேன், இந்த அக்காவுக்கு அரக்கு, இந்த அம்மாவுக்குப் பாசிப்பச்சைன்னு. ரெண்டு சேலையைக் காட்டி எதுன்னு கேட்டாப் போதும், கண்ணு இமைக்கிறதுக்குள்ள சொல்லிருவேன். சொல்லி, மடிச்சு, கையில குடுத்து, பில்லும் போட வச்சிருவேன். மொதலாளியே அசந்து போவாரு.

பொட்டலத்துல என்னன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, நானே சொல்லுறேன். இதுல ஒரு பொண்ணு பேரு இருக்கு. என்ன பேருன்னு எனக்கே தெரியாது. தெரியாதுன்னா தெரியும். ஆனா பாக்கல. பிரிக்கலாமா வேணாமான்னு நாகர்கோவில்ல இருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன்.

சித்திரைத் திருவிழா யாவாரம் முடிஞ்சதும் மொதலாளி லீவு குடுத்தாரு. எங்கம்மா உடனே, "கன்னியாகுமரிக்குப் போ, அத்தை வீட்டுல கொஞ்ச நாள் இரு, கடல்ல குளி"ன்னுச்சு. கடல்ல குளிக்கச் சொன்னதுக்கு உள்ள ஒரு விசயம் இருக்கு. அத்தைக்கு ஒரு மக, தமயந்தி. எனக்கு மொறைப்பொண்ணு. அவளுக்குத் தூத்துக்குடியில இருந்து ஒரு வரன் வந்து நிக்குது, துறைமுகத்துல கிரேன் ஓட்டுறானாம். எங்கம்மா சொல்லுச்சு, "பிள்ளையைப் பாரு, பேசு, பழகு. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டு வா. இழுத்தடிக்காத."

நான் ஏன் சொல்லணும்னு கேக்குறீங்களா? எங்க சொந்தத்துல அப்படி ஒரு வழக்கம்ணே. மொறைமாப்பிள்ளை ஒருத்தன் இருக்கையில பொண்ணை வெளியில குடுக்கணும்னா அவன் வாயால சம்மதம் சொல்லணும். வாயால சொல்லக் கூச்சமா இருந்தா, அவ நிச்சயத்துக்குக் கட்டுற சேலையை அவன் கையால எடுத்துக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கணும். நடக்காமக் குடுத்தா ஆயுசுக்கும் பகைதான். எங்க பெரியப்பா ஒருத்தரு அப்படி ஏமாந்தவரு, இன்னைக்கு வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டுலயும் பந்தியில உக்கார மாட்டாரு. வருவாரு, நின்னுக்கிட்டே சாப்பிடுவாரு, போயிருவாரு.

அப்ப என் கையில எம்புட்டுப் பெரிய பொறுப்பு பாருங்க.

மாமா அங்க சின்னதா ஒரு லாட்ஜு வச்சிருக்காரு. கன்னியாகுமரி லாட்ஜுல ஒரு வேலை உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. விடியுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூம் கதவையும் தட்டி, "சார், சூரியன் வரப்போகுது"ன்னு எழுப்பி விடணும். அதுக்குத்தான் ஆளுக வாராங்க. சும்மா இருக்க வேணாமேன்னு மாமா அந்த வேலையை எங்கிட்டக் குடுத்தாரு. நானும் எந்திரிச்சு மொட்டைமாடிக்குப் போனேன். பாத்தா ஒரே மேகம். எழுப்பலாமா, வேணாமா? எழுப்பி, சூரியன் தெரியலைன்னா திட்டுவாங்க. எழுப்பாம, தெரிஞ்சுட்டா அதுக்கும் திட்டுவாங்க. படியில இறங்குறேன், ஏறுறேன், இறங்குறேன், ஏறுறேன். கடைசியில எழுப்பிரலாம்னு முடிவு பண்ணி மொதக் கதவைத் தட்டுனா, ஈரோட்டுக்காரரு ஒருத்தரு கதவைத் திறக்குறாரு, என் முதுகுக்குப் பின்னாடி இருந்து வெயிலு அவரு கண்ணுல அடிக்குது. மாமா அன்னைக்கு எல்லாருகிட்டயும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு. பொறவு தமயந்தியையும் என்கூட அனுப்புனாரு. ரெண்டு பேரையும் பழக விடணும்னு அவருக்கு ஆசை, வேற என்ன?

தமயந்தி நல்ல பிள்ளைண்ணே. நல்ல உசரம். படியில ஏறுனா தடதடன்னு ஏறுவா. மேகமா இல்லையான்னு ஒரு பார்வை பாப்பா, கதவைத் தட்டிருவா. எல்லாரையும் எழுப்பி விட்டுட்டு, மாடியில நின்னு கடலைப் பாத்துக்கிட்டே தெனமும் ஒரே கேள்விதான் கேப்பா.

"அத்தான், முடிவு பண்ணிட்டீங்களா?"

எம்புட்டு ஆசை பாருங்க. பல்லுகூட விளக்கியிருக்க மாட்டேன், அதுக்குள்ள கேப்பா. நான் சிரிச்சுக்கிட்டே, "என்ன அவசரம் தமயந்தி, யோசிக்கணும்ல"ம்பேன். அவ மொகம் வாடிப்போகும். எனக்கே பாவமா இருக்கும்.

எந்நேரமும் போன்ல வேற பேசிக்கிட்டு இருப்பா. யாருன்னு கேட்டா ஃப்ரெண்டும்பா. ஒருநாள் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு பேசுறது எனக்குக் கேட்டுச்சு. "இன்னும் ஒண்ணும் சொல்லலை. கல்லுப்பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்காரு. நான் என்னதான் செய்ய?"ன்னு அழுகாத குறையாப் பேசுறா. என்னைப் பத்தி ஃப்ரெண்டுகிட்டச் சொல்லிச் சொல்லி உருகுறாண்ணே! நான் சத்தம் காட்டாம இறங்கி வந்துட்டேன்.

அப்ப கட்டிக்கிட வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அதுலதான் வந்து நிக்குது வில்லங்கம்.

சாயங்காலம் கடற்கரை ரோட்டுப் பக்கம் ஒரு நடை போவேன். அங்க வரிசையா சங்குக்கடை. அதுல ஒண்ணுல சுபஜான்னு ஒரு பொண்ணு. சங்குல பேரு எழுதிக் குடுக்கிறவ. கைக்குள்ள அடங்குற மிஷினு ஒண்ணு வச்சிருப்பா, கொர்ருன்னு சத்தம் வரும், வெள்ளைச் சங்குல பேரைச் செதுக்கி அதுல கலரு தடவிக் குடுப்பா. புதுசாக் கல்யாணம் ஆனதுகதான் நிறைய வரும். ஒரு பக்கம் மாப்பிள்ளை பேரு, இன்னொரு பக்கம் பொண்ணு பேரு. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு அவ எழுதுற அழகைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ நிமிந்து பாத்து, "அண்ணா, என்ன பேரு எழுதணும்?"னு கேட்டா.

அண்ணான்னு சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அது யாவாரம். நானே எங்க கடையில பதினாறு வயசுப் பிள்ளையைக்கூட அக்கான்னுதான் கூப்பிடுவேன். அதுக்கெல்லாம் அர்த்தம் பாத்தா முடியுமா?

நான் சொன்னேன், "ஒரு பக்கம் சௌந்தரபாண்டி." எழுதிட்டா. "அடுத்த பக்கம்?"

அங்கதாண்ணே மாட்டிக்கிட்டேன். காலையிலதான் தமயந்தியைப் பாத்துட்டு வந்திருக்கேன். இப்ப எதுத்தாப்புல இவ. யாரு பேரைச் சொல்ல?

"அது காலியா இருக்கட்டும், நாளைக்குச் சொல்லுறேன்"ன்னேன்.

"ரெண்டு பேரு எழுததுக்காக்கும் எடம் விட்டிருக்கு. ஒத்தப் பேரா கொண்டு போனா பாக்குறவிய சிரிப்பாவ, கேட்டியளா"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சா கன்னத்துல குழி விழுகும்ணே.

அன்னையில இருந்து தெனமும் சங்கைத் தூக்கிக்கிட்டுப் போவேன். "இன்னைக்காவது பேரு உண்டா அண்ணா?"ம்பா. "நாளைக்கு"ம்பேன். "நாளைக்கும் வருவியளா?"ன்னு கேப்பா. அந்தக் குரலைக் கேக்கணுமே நீங்க, ஒரு மாதிரி இழுத்து, பெருமூச்சு விட்டு. எங்கிட்டப் பேசி முடிச்சு அனுப்பி வைக்கிறதுக்குள்ள அவளுக்கு எம்புட்டுக் கஷ்டம். எனக்குன்னு தனியா ஏதாவது ஒரு சாமான் எடுத்து வச்சிருப்பா. சிப்பி மாலை, சிப்பிக் கண்ணாடி, சிப்பியில செஞ்ச விநாயகரு, வாசல்ல தொங்கவிடுற சிப்பித் தோரணம். சும்மாவான்னு கேக்காதீங்க, சும்மா குடுத்தா அவ மொதலாளி விடுவாரா? மேல இருக்கு பாருங்க அந்தப் பெரிய பை, பூராம் சிப்பிதான். பிரேக் போடும்போது கலகலன்னு கேக்குதுல்ல, அதான்.

காலையில சூரியன் உதிக்கையில தமயந்திதான்னு தோணும். சாயங்காலம் சூரியன் விழுகையில சுபஜாதான்னு தோணும். மத்தியானம் பூராம் தலைவலி. தமயந்தி வைக்கிற மீன்குழம்பு அப்படி இருக்கும், ஆனா அவ என்னைவிட ஒரு விரக்கடை உசரம். சுபஜா உசரம் கச்சிதம், ஆனா அந்த ஊருல எதுக்கெடுத்தாலும் தேங்காயை அரைச்சு ஊத்துறாங்க, எனக்கு வயிறு ஏத்துக்கிடாது. எதை விட, எதை எடுக்க?

இதுல ஒருநாள் என்ன ஆச்சுன்னா, சாயங்காலம் கடைக்குப் போறேன், அங்க தமயந்தி நிக்குறா! ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவளுகளாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எனக்காக ரெண்டு பேரும் தலைமுடியைப் பிடிச்சுச் சண்டை போட்டு, நாலு பேரு கூடி, மாமா பேரு கெட்டுப் போச்சுன்னா? தேங்காய்ப்பூ விக்கிறவரு வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாத்தேன். நல்லவேளை, சண்டை இல்ல. சுபஜா என்னோட சங்கு மாதிரியே ஒரு சங்கைக் கையில தூக்கிக் காட்டி ஏதோ சொல்லுறா, தமயந்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குறா. வருத்தத்தை மறைக்கணும்னா பொம்பளப் பிள்ளைக அப்படித்தாண்ணே சிரிக்கும். ஜவுளிக்கடையில இருக்குற எனக்குத் தெரியாதா?

மாமா கெடு வச்சிட்டாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடிக்காரங்களுக்குப் பதில் சொல்லியாகணும். "மாப்ள, உன் வாயால ஒரு வார்த்தை வராம நான் எதுவும் செய்ய மாட்டேன். ஆனா அவங்க வேற எடம் பாக்கப் போறோம்ங்குறாங்க. சீக்கிரம் சொல்லு"ன்னாரு. அன்னைக்குச் சாப்பாடு போடும்போது தமயந்தி எங்கிட்ட நேராவே கேட்டுட்டா.

"அத்தான், வேணாம்னு சொன்னா நான் வருத்தப்படவே மாட்டேன். சத்தியமா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்டச் சொல்லிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்னு நிக்குறாரு. சொல்லிருங்களேன்."

கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு. கிரேன்காரனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லி என்னைச் சூடேத்திப் பாக்குறா, புரியுதா? வேணாம்னு நான் சொல்லுறேனான்னு சோதிக்குறா. நானா ஏமாறுவேன்? "பாப்போம் தமயந்தி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல"ன்னு சொல்லி இன்னொரு துண்டு மீனு கேட்டு வாங்கிக்கிட்டேன். அவ கரண்டியை டொக்குன்னு வச்சிட்டு உள்ள போயிட்டா.

ஞாயித்துக்கிழமையும் வந்துருச்சு. காலையில மாமா கேட்டாரு, மத்தியானம்னேன். மத்தியானம் கேட்டாரு, சாயங்காலம்னேன். சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சு, உசரமா தேங்காயான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். தமயந்தி உள்ள வாரா. வலது கையில ஒரு பட்டுச்சேலை, இடது கையில ஒரு பட்டுச்சேலை.

"அத்தான், நீங்க சேலைக்கடைக்காரருல்ல. இதுல எது எனக்கு நல்லா இருக்கும்?"

அண்ணே, நான் என்ன சொல்ல! சேலையைப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல. சடார்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஒண்ணு மாம்பழ மஞ்சள், இன்னொண்ணு மயில்கழுத்து. ரெண்டையும் தடவிப் பாத்தேன், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். யோசிக்கவே இல்லண்ணே, பொட்டுல அடிச்சாப்புலச் சொன்னேன்.

"மஞ்சள் உனக்கு எடுபடாது, மொகத்தை மங்கலாக் காட்டும். மயில்கழுத்துதான். அரை ஜரிகை இல்ல, நல்ல ஜரிகை. முந்தியைத் தோள்ல போட்டுப் பாரு… பாத்தியா? நாலு பேருக்கு நடுவுல நின்னா நீதான் தெரிவ. நாளைக்கு வருவோம், யோசிச்சு வருவோம்னா இந்த பீஸு இருக்காது."

சொல்லிட்டு, மடிப்புக் கலையாம மடிச்சு, ரெண்டு கையாலயும் எடுத்து அவ கையில குடுத்து, "பில்லு போட்டுறலாமாக்கா?"ன்னுட்டேன்.

வாயில இருந்து அதுவா வந்துருச்சுண்ணே. தெனமும் சொல்லுற வார்த்தை, என்ன செய்ய?

"அப்பா! அத்தான் தன் கையால எடுத்துக் குடுத்துட்டாரு! நிச்சயச் சேலை!"

அவ கத்தி முடிக்கல, மாமாவும் அத்தையும் வாசல்ல நிக்குறாங்க. மாமா என்னைக் கட்டிப் பிடிச்சு, "உன் மனசு யாருக்கு வரும் மாப்ள"ங்குறாரு. அத்தை ஒரு தட்டு நிறைய கேசரி கொண்டாந்து நீட்டுறாங்க. முந்திரியெல்லாம் வறுத்துப் போட்டு, சுடச்சுட. அம்புட்டுச் சடுதியில எப்படிக் கேசரி கிண்டுனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. தமயந்தி சேலையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு அழுகுறா, சிரிக்குறா, அழுகுறா. பாவம், என்னை விட்டுட்டுப் போறதை அவளால தாங்க முடியல. என்னாலயும் முடியலண்ணே. கேசரி தொண்டையில இறங்கல. ரெண்டாவது தடவை போட்டதுதான் கொஞ்சம் இறங்குச்சு.

சரி, ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி தெளிவாயிருச்சுல்ல? சங்கை எடுத்துக்கிட்டு நேரா சுபஜாகிட்டப் போனேன். போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன், "சுபஜா, உன் பேரையே எழுது. சுபஜா, உன் பேரையே எழுது." அம்புட்டுதான், சின்ன வார்த்தை. கடை முன்னாடி போயி நின்னதும், ஒருவேளை தூத்துக்குடிக்காரன் மாட்டேன்னுட்டா தமயந்தி திரும்பி வந்துருவாளோன்னு ஒரு நினைப்பு குறுக்க வந்துருச்சு.

"பேரு உண்டா அண்ணா?"

"நீயே எழுது"ன்னேன். "எனக்கு யாரு பேரு பொருத்தமா இருக்கும்னு உனக்குத் தோணுதோ, அதை எழுது."

எப்படி? பிடியும் குடுக்காம, விட்டும் குடுக்காம! அவ மிஷினைக் கீழ வச்சுட்டுக் கேட்டா, "நெசமாத்தான் சொல்லுதியளா? பொறவு மாத்தி எழுதுன்னு வந்து நிக்கப்பிடாது." மாட்டேன்னேன். அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து எழுத ஆரம்பிச்சா. வெக்கம்ணே! மிஷினு கொர்ருன்னு ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு. சுபஜாங்குறது சின்னப் பேருதான? ஆனா ரொம்ப நேரம் எழுதுனா. பூவெல்லாம் போட்டு அலங்காரம் பண்ணுறா போலன்னு நினைச்சுக்கிட்டேன். முடிச்சு, பேப்பர்ல சுத்தி, நூலுல இறுக்கிக் கட்டி, "ஊருக்குப் போயி பிரிங்க, இங்கன வச்சுப் பிரிக்காதிய"ன்னு கையில குடுத்தா.

அதுதாண்ணே இது.

பிரிச்சுரவா? பிரிச்சு அவ பேரு இருந்துச்சுன்னா, அம்மாகிட்டச் சொல்லணும், மொதலாளிகிட்ட மறுபடி லீவு கேக்கணும், தேங்காய்க் குழம்பு பழகணும். பிரிக்காட்டி… நீங்க பிரிங்கண்ணே. உங்க கை ராசியா இருக்கும். இந்தாங்க. இருங்க, வேணாம். இல்ல, பிரிங்க. நூலைப் பல்லால கடிங்க, அவ முடிச்சு அப்படித்தான்.

என்ன போட்டிருக்கு? சௌந்தரபாண்டி. சரி, அது நான்தான். அது பழைய பக்கம். திருப்புங்க.

அதுவுமா?

குடுங்க இங்க.

…ஆமாண்ணே. இந்தப் பக்கமும் சௌந்தரபாண்டி. அந்தப் பக்கமும் சௌந்தரபாண்டி. பூவுகூட ஒண்ணும் காணோம்.

சிரிக்காதீங்கண்ணே. முன் சீட்டு அக்கா, நீங்களும் சிரிக்காதீங்க, அம்புட்டும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குண்ணே. பொய் சொல்லல. ஒரு வார்த்தை, "உன் பேரு"ன்னு சொல்லியிருக்கணும். வழி பூராம் சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனவன் கடை முன்னாடி சொல்லாம விட்டுட்டேன். ஒரு பொண்ணு தானா எப்படித் தன் பேரை எழுதுவா? வெக்கம் இருக்கும்ல? அதான் பாவம், தெரிஞ்ச பேரையே திருப்பி எழுதிட்டா.

ஏண்ணே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இது என்ன ஊரு, கோவில்பட்டியா? இங்க இறங்குனா எதுத்தாப்புலயே நாகர்கோவில் பஸ்ஸு வரும். சாயங்காலம் அவ கடை சாத்துறதுக்குள்ள போயிரலாம். நேருக்கு நேரா நின்னு சொல்லிரலாம். இறங்கிரவா? நாளைக்குக் காலையில கடை திறக்கணும், மொதலாளி கத்துவாரு. கத்தட்டும். அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. இல்ல, வேணாம், பையி இருக்கட்டும். இல்ல, எடுங்க. கண்டக்டர் சார், ஒரு நிமிசம்! விசில் அடிச்சுராதீங்க, இறங்கணும். இறங்கணுமான்னு ஒரு நிமிசம் யோசிச்சுக்கிடுறேன் சார். ஒரே நிமிசம்…

வண்டியை எடுத்துட்டான்.

சரி விடுங்கண்ணே, பையை அங்கயே வையுங்க. சாத்தூர்லயும் நாகர்கோவில் பஸ்ஸு நிக்கும்ல?